டென்ஷன் இருந்தால்தான் மார்க் வருமா? நைட் டூட்டி, பி.ஜி. நுழைவுத் தேர்வு, 4 மணி நேரத் தூக்கம்

ஏழாம்மாசம் | 03.03.2025, இரவு 11.52

சி.ஆர்.ஆர்.ஐ. (எம்.பி.பி.எஸ். முடிவில் செய்யும் கட்டாய மருத்துவமனைப் பயிற்சி) ஏழாவது மாதம். காஷுவாலிட்டி போஸ்டிங், கூடவே நீட் பி.ஜி. படிப்பு. பேட்ச்சில் எல்லாரும் சொல்வது: 4 மணி நேரம் தூங்கினால் போதும், உடம்பு பழகிவிடும், டென்ஷன் இல்லாதவன் படிக்க மாட்டான். பகலில் தூங்க ஒரு மாத்திரை (அல்ப்ரசோலம்), பரீட்சைப் படபடப்புக்கு ஒரு மாத்திரை (புரொப்ரனலால்) என்று ஒருவன் அட்டையை நீட்டுகிறான். இதில் எது சரி, எது கதை? 'பாசிட்டிவா இரு' என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம்.

டூட்டிசார்ட் | 04.03.2025, காலை 6.20

"உடம்பு பழகிவிடும்" என்பதுதான் இதில் பெரிய கதை. 2003இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வில் ஆட்களை 14 நாள் தினம் 4 மணி, 6 மணி, 8 மணி என்று பிரித்துத் தூங்கவிட்டார்கள். குறைவாகத் தூங்கியவர்களின் கவனமும் வேகமும் கடைசி நாள் வரை சரிந்துகொண்டே போயின. 'தூக்கமாக வருகிறதா' என்ற கேள்விக்கான பதில் மட்டும் சில நாளிலேயே பெரிதாக மாறாமல் நின்றுவிட்டது. பழகிப்போனது அந்த உணர்வுதான். அதனால் "எனக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்று ஒருவர் சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

டென்ஷன் விஷயம் பாதி உண்மை. டென்ஷன் கூடக்கூடத் திறமை ஏறி, ஓர் அளவுக்கு மேல் இறங்கும் என்று எல்லாரும் வரைந்து காட்டும் கவிழ்த்த கிண்ண வளைவு 1908இல் எர்க்ஸ், டாட்சன் இருவரும் எலிகளுக்கு ஷாக் கொடுத்துச் செய்த சோதனையிலிருந்து வந்தது. வெளிச்சப் பெட்டி எது, இருட்டுப் பெட்டி எது என்று எலி பிரித்தறிய வேண்டும். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தபோது ஷாக் கூடக்கூட எலி வேகமாகக் கற்றது. வித்தியாசம் நுணுக்கமானபோது மிதமான ஷாக்கில்தான் நன்றாகக் கற்றது. அதற்கு மேல் போனால் கெட்டது. எலியை வைத்து மனிதனுக்குச் சட்டம் எழுதக்கூடாது, சரி. ஆனால் வார்டில் பார்ப்பதும் இதுதான்: பயம் ஸ்ட்ரெச்சர் தள்ளும் வேகத்தைக் கூட்டும், பொட்டாசியம் டோஸ் கணக்கைக் கெடுக்கும். மூன்று கண்டிஷன் கொடுத்து 'இவற்றுள் எது அல்ல' என்று கேட்கும் கேள்வி எந்த வகை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

டூட்டிசார்ட் | 04.03.2025, காலை 6.41

விட்டுப்போனது. 1997இல் ஆஸ்திரேலியாவில் செய்த ஒப்பீடு: 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை-கண் ஒத்துழைப்பு ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவருடையது மாதிரி. 24 மணி நேரம் ஆனால் ஏறக்குறைய 0.10. நம் மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவில் வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03. டூட்டி முடித்து பைக்கில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வருகிறவரை நிறுத்தி ஊதச் சொன்னால் மிஷின் பூஜ்யம் காட்டும், போலீஸ்காரர் 'போங்க டாக்டர்' என்று விட்டுவிடுவார். நீண்ட ஷிஃப்ட் முடிந்து வண்டி ஓட்டும் பயிற்சி மருத்துவர்களுக்கு விபத்து வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் என்று 2005இல் அமெரிக்க ஆய்வு சொன்னது. நைட் முடிந்தால் மெட்ரோ, பஸ், ஷேர் ஆட்டோ. பைக் ஸ்டாண்டிலேயே நிற்கட்டும்.

வார்டு12சிஸ்டர் | 04.03.2025, பிற்பகல் 3.05

டாக்டர் தம்பி, தத்துவம் இருக்கட்டும். ராத்திரி எப்படிக் குட்டித்தூக்கம் போடுவது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. வார்டில் 2 பேர் இருந்தால் முறை வைக்க வேண்டும்: ஒருவர் 12 முதல், மற்றவர் 1.30 முதல். 20 நிமிஷம், இல்லையென்றால் முழுதாக 90 நிமிஷம். நடுவில் 45, 50 நிமிஷத்தில் எழுப்பினால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து இழுத்த மாதிரி, அரை மணி நேரம் தலை வேலை செய்யாது. 3 மணிக்குள் முடித்துவிடுங்கள். 3 முதல் 5 வரை உடம்புச்சூடு இறங்கி மூளை அடிமட்டத்தில் இருக்கும் நேரம். அப்போது படுத்தால் எழுந்திருப்பது இன்னும் கஷ்டம்.

எழுந்த 15 நிமிஷத்துக்கு இன்சுலின், ஹெப்பரின், பொட்டாசியம் குளோரைடு மாதிரி அளவு தப்பினால் ஆபத்தான மருந்துகளைத் தொடக்கூடாது. அவசரம் என்றால் பக்கத்தில் ஒருவர் வாய்விட்டு ஆர்டரைப் படிக்க வேண்டும். நம் ஊரில் இன்சுலினுக்கு ஒரு தனிக் கண்ணி: குப்பியில் மில்லிக்கு 40 யூனிட்டும் உண்டு, 100 யூனிட்டும் உண்டு, சிரிஞ்சும் இரண்டு வகை. சிவப்பு மூடி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. 100 யூனிட் மருந்தை 40 சிரிஞ்சில் '10' கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். மாற்றி இழுத்தால் 4 யூனிட்தான். பகல் 11 மணிக்கு யாரும் இதில் தடுக்கி விழுவதில்லை. 4.30க்கு விழுகிறார்கள்.

ஏழாம்மாசம் | 04.03.2025, பிற்பகல் 3.30

தம்பி இல்லை அக்கா, தங்கச்சி. 90 நிமிஷம் யார் விடுவார்கள்?

வார்டு12சிஸ்டர் | 04.03.2025, பிற்பகல் 3.34

சரிம்மா. அப்போ 20.

சிரப்புக்கடை | 05.03.2025, காலை 10.15

முதலில் காபி. உடம்பில் பாதி காஃபின் வெளியேற சராசரியாக 5 மணி நேரம். அதிகாலை 4 மணிக்குக் குடித்த காபியில் 9 மணிக்குப் பாதி, பிற்பகல் 2 மணிக்குக் கால் பங்கு இன்னும் உள்ளே. பிறகு 'பகலில் தூக்கம் வரவில்லை' என்று மாத்திரை கேட்டால் எப்படி? நைட் டூட்டிக்கு 8 மணிக்கு ஒன்று, நள்ளிரவில் ஒன்று, 1 மணியோடு சரி. கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு அந்த 5 மணி ஏறக்குறைய இரண்டு மடங்காகும். சிப்ரோஃப்ளாக்சசின் கோர்ஸில் இருந்தாலும் இழுக்கும். சிக்கரியில் காஃபினே கிடையாது, அதனால் ஹாஸ்டல் மெஸ் காபி அரை டோஸ் என்று எடுத்துக்கொள்ளலாம் (அது காபியா என்பது வேறு விவாதம்).

இப்போது அந்த அட்டை. புரொப்ரனலால் கை நடுக்கத்தையும் படபடப்பையும் அடக்கும், கவலையை அடக்காது. எம்.சி.க்யூ. பரீட்சையில் மௌஸ் பிடிக்க நடுக்கம் ஒரு தடையா? மேடையில் வயலின் வாசிப்பவருக்குப் பயன்படுவது இங்கே வீண். ஆஸ்துமா இருந்தால் மூச்சுக்குழாய் சுருங்கும். சர்க்கரை மருந்து எடுப்பவருக்கு லோ சுகர் வரும்போது தெரிய வேண்டிய படபடப்பையே மறைத்துவிடும். யாருக்கும் தெரியாமல் பரீட்சை அன்று முதல் தடவை போடுவது எல்லாவற்றையும்விட மோசம்: பிரஷர் இறங்கித் தலைசுற்றினால் ஹாலில் யாரும் மறுதேதி தரமாட்டார்கள்.

அல்ப்ரசோலம் விஷயத்தில் சமரசமே இல்லை. அது புதிய நினைவு பதிவதையே தடுக்கும். அதைப் போட்ட பிறகு படிப்பது அப்படியே தண்ணீரில் எழுதிய எழுத்து. சில வாரம் தொடர்ந்து போட்டுத் திடீரென நிறுத்தினால் பதற்றம் பழையதைவிட அதிகமாகத் திரும்பும், வலிப்புகூட வரலாம். ஷெட்யூல் எச்1 மருந்து (மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாதது), போதைப்பொருள் சட்டத்தின் மனமயக்க மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. நண்பன் கைமாற்றிக் கொடுப்பது அவனுக்கும் வம்பு.

டூட்டிசார்ட் | 09.03.2025, இரவு 9.10

பகல் தூக்கம், சென்னைக்கு ஏற்றபடி. வெளிநாட்டுக் குறிப்புகளில் 'அறையைக் குளிர்ச்சியாக வையுங்கள்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

மொட்டை மாடிக்கு நேர் கீழே அறை என்றால் கான்கிரீட் காலையெல்லாம் சூடேறி, மதியத்துக்கு மேல் அந்தச் சூட்டை உள்ளே இறக்கும். ஆகவே 8.30க்கு வந்தவுடன் படுத்து 1 மணிக்குள் பெரும்பகுதித் தூக்கத்தை முடிக்கப் பாருங்கள். 'குளித்து, சாப்பிட்டு, கொஞ்சம் ரீல்ஸ் பார்த்து 11 மணிக்கு' என்பது மார்ச்சிலேயே ஓடாது, மே 4இல் கத்திரி பிறந்த பிறகு கேட்கவே வேண்டாம். ஈரத்துணியை ஜன்னலில் தொங்கவிடும் யோசனை வேலூருக்குச் சரி. இங்கே காற்றிலேயே ஈரம், துணி காயாது, அறை புழுங்கும். முடிந்தால் தரைத்தள அறையில் இருப்பவரோடு நைட் வாரத்துக்கு மட்டும் கட்டில் மாற்றிக்கொள்ளுங்கள். ஜன்னல் கண்ணாடிக்கு அலுமினிய ஃபாயில், பளபளப்பு வெளிப்பக்கமாக. காதுக்குப் பஞ்சடைப்பான், ஏனென்றால் தண்ணீர் லாரி உங்கள் ஷிஃப்ட் பார்த்து வராது. போனை அணைக்க வேண்டாம். தொந்தரவு வேண்டாம் அமைப்பில், ஒரே எண் இரண்டு முறை அழைத்தால் மட்டும் மணி அடிக்கும்படி வைக்கலாம். 'அம்மா கூப்பிட்டால் எடுக்கணுமே' என்ற அரைக்கவலையே தூக்கத்தைக் கெடுக்கும்.

வரும் வழியில் கறுப்புக் கண்ணாடி. காலை வெயில் கண்ணில் பட்டால் உடம்புக் கடிகாரம் 'விடிந்துவிட்டது' என்று எடுத்துக்கொள்ளும்.

கடைசி நைட் முடிந்த காலை மட்டும் வேறு கணக்கு: 2 முதல் 3 மணி நேரம் தூங்கி எழுந்துவிட வேண்டும். அன்றிரவு 9.30க்கெல்லாம் படுத்தால் மறுநாள் பகல் வாழ்க்கைக்குத் திரும்பிவிடலாம்.

சாப்பாடு: டூட்டிக்குப் போகுமுன் முழுச் சாப்பாடு, 1 மணிக்கு இட்லியோ சுண்டலோ. 2 மணிக்கு பிரியாணி வரவழைப்பது வார்டு மரபுதான். ராத்திரியில் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் குறைவு, 3.30க்குக் கண் சொருகுவதில் பாதிப்பழி அந்தப் பொட்டலத்துக்கு.

டூட்டிசார்ட் | 11.03.2025, இரவு 10.02

படிப்பு. நைட் வாரத்தில் புதுப் பாடம் தொடாதீர்கள். கேள்விகள் மட்டும், ஒரு நாளைக்கு 40.

காரணம் உண்டு. 2006இல் ரோடிகர், கார்பிக்கே செய்த சோதனையில், ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிஷம் கழித்து நன்றாகச் சொன்னார்கள்; ஒரு வாரம் கழித்து, ஒரு முறை படித்துவிட்டு மூடிவைத்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஹைலைட்டர் போட்டுப் படிக்கும்போது 'ஏறுகிறது' என்று தோன்றுவது அந்த 5 நிமிஷ மயக்கம். தப்பான கேள்விகளுக்குத் தனி நோட்டு; அடுத்த நாள், 4ஆம் நாள், 10ஆம் நாள் என்று தள்ளித் தள்ளித் திருப்புங்கள். இந்த எண்கள் பஞ்சாங்கம் அல்ல, இடைவெளி விரிந்துகொண்டே போனால் போதும்.

தப்புகளை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்: 'தெரியாது', 'தெரியும், தப்பாகப் படித்தேன்'. நைட் வாரத்தில் இரண்டாவது வகை வீங்கும். அது அறிவுக்குறை அல்ல, தூக்கக்கடன். அதைப் பார்த்து 'எனக்கு மூளையே இல்லை' என்று முடிவுகட்டி இன்னும் 2 மணி நேரம் தூக்கத்தை வெட்டுவதுதான் வழக்கமான சறுக்கல்.

மைனஸ் மார்க் பயத்துக்கும் கணக்கு உண்டு. 200 கேள்வி, சரிக்கு 4, தப்புக்கு 1 கழியும். நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் சராசரி லாபம் கால் மார்க். ஒரு விடையை நீக்க முடிந்தால் லாபம் 0.67. ஆக, யோசித்துக் காலியாக விடுவது நஷ்டம். 2024 முதல் 40 கேள்வி கொண்ட 5 பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 42 நிமிஷம், முடிந்த பகுதிக்குத் திரும்பிப் போக முடியாது. ஒரு கேள்விக்கு 63 வினாடி. வீட்டிலும் இதே 42 நிமிஷத் துண்டாகப் பழகுங்கள், 3.5 மணி நேரம் கையில் இருக்கிற நினைப்பில் பழகியவர்களுக்கு முதல் மணி அடிக்கும்போதுதான் உண்மையான பதற்றம் வரும்.

ஏழாம்மாசம் | 23.03.2025, அதிகாலை 4.48

எல்லாம் செய்தேன். காபி 1 மணியோடு நிறுத்தம், ஃபாயில் ஒட்டியாச்சு. மூன்று நாள் லீவில் தினம் 8 மணி நேரம் தூங்கினேன். தூங்கி எழுந்தும் அப்படியேதான் இருக்கிறது. எதிலும் பிடிப்பில்லை. இப்போதுகூட டூட்டி இல்லை, அலாரமும் இல்லை, விழிப்பு வந்துவிட்டது.

டூட்டிசார்ட் | 23.03.2025, காலை 5.55

அப்படியானால் மேலே நான் எழுதியதில் ஒரு திருத்தம், பெரிய திருத்தம். எல்லாவற்றையும் தூக்கக் கணக்கிலேயே அடைத்துவிட்டேன். தூக்கம் கொடுத்தும் மனம் திரும்பவில்லை என்றால் அது வேறு. அலாரம் இல்லாமல் 4 மணிக்கு விழிப்பு வந்து மறுபடி தூங்க முடியாமல் கிடப்பது மனச்சோர்வு நோயின் பழைய அடையாளம். அதைத் தூக்கப் பழக்கம் என்று நினைத்துத் திருத்திக்கொண்டிருந்தால் வாரங்கள் வீணாகும்.

பிரித்துப் பார்க்க ஒரு உரைகல்: பர்ன்-அவுட், அதாவது வேலைப்பளுவில் மனம் வற்றிப்போவது, வேலையோடு ஒட்டியது. உலக சுகாதார நிறுவனம் அதை நோயாகச் சேர்க்காமல் வேலைசார் நிகழ்வாகத்தான் ஐ.சி.டி.-11 என்ற தன் வகைப்பாட்டில் வைத்திருக்கிறது. லீவில் சினிமா, தங்கை கல்யாணப் பேச்சு, பிடித்த சாப்பாடு இவற்றில் மனம் ஒட்டினால் அந்தப் பக்கம். அவற்றிலும் ஒட்டவில்லை என்றால் மனச்சோர்வு. இரண்டும் சேர்ந்தும் வரும், அதனால் இதை மட்டும் நம்பாதீர்கள்.

பி.எச்.க்யூ-9 (மனச்சோர்வை அளக்கும் கேள்வித்தாள்) போடுங்கள். கடந்த 2 வாரம், 9 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. மொத்தம் 10 தொட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும், 20ஓ அதற்கு மேலோ என்றால் தீவிரம். ஆனால் 9ஆவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் பற்றியது, அதில் 0 தவிர எது வந்தாலும் மொத்தத்தைக் கூட்டிக்கொண்டிருக்க வேண்டாம்; அன்றே ஒருவரிடம் பேச வேண்டும். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும், தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பு சிநேகா: 044-24640050.

உங்கள் பதில் 9ஆவதில் என்ன என்று இங்கே எழுத வேண்டாம், ஆனால் சிஸ்டருக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். இப்போதே.

வார்டு12சிஸ்டர் | 23.03.2025, காலை 6.10

அனுப்பிட்டா. பேசிட்டிருக்கேன்.

டூட்டிசார்ட் | 24.03.2025, இரவு 8.30

படிக்கிற மற்றவர்களுக்காக.

சொந்த யூனிட் சீஃபிடமோ, நாளை வைவா எடுக்கப்போகும் பேராசிரியரிடமோ சிகிச்சைக்குப் போகாதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். உள்ளதை முழுசாகச் சொல்ல வாய் வராது. சென்னையில் அதற்கு வழி உண்டு: கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது, தனியார் இருக்கிறார்கள், வேறு கல்லூரி மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிப் பிரிவும் இருக்கிறது. 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரையே கேலிக்கு வைத்திருக்கிற ஊர் இது. மெடிக்கல் ஹாஸ்டலிலும் அந்தக் கேலி ஓடுவதுதான் அசிங்கம்.

பதிவில் வந்துவிடுமோ என்ற பயம்: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியம் காக்கும் உரிமையைத் தருகிறது. கல்லூரிக்குச் சொல்ல வேண்டுமானால் மருத்துவச் சான்றும் லீவு நாட்களும் போதும்.

போகும்போது ஹீமோகுளோபின், டி.எஸ்.எச். இரண்டும் பார்த்துவிடுங்கள். ரத்தசோகையும் தைராய்டு குறைவும் அலுப்பாகவே வேஷம் போடும். மருந்து எழுதினால் முதல் வாரம் வயிற்றுப் புரட்டல், கொஞ்சம் படபடப்பு இருக்கலாம். பலன் தெரிய 2 முதல் 4 வாரம். முதல் வாரத்திலேயே 'ஒத்துக்கொள்ளவில்லை' என்று தானாக நிறுத்துகிறவர்கள் அதிகம், டாக்டர்கள் அதில் முதலிடம்.

சிரப்புக்கடை | 25.03.2025, பிற்பகல் 1.20

ஒரு துணைக்கேள்வி. ஆபரேஷன் டேபிளில் ஒரு குழந்தை இறந்தால் மறுநாள் எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து 'என்ன உணர்ந்தீர்கள்' என்று பேசவைக்கிறார்களே, அது நல்லதுதானே?

டூட்டிசார்ட் | 25.03.2025, இரவு 9.45

கட்டாயமாக என்றால் இல்லை. ஒரே அமர்வில் எல்லாரையும் உணர்ச்சியைக் கொட்டவைக்கும் முறை பின்னால் வரும் அதிர்ச்சி நோயைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். சிலருக்குக் கெடுதலும் செய்திருக்கிறது. செய்ய வேண்டியது சின்னது: அடுத்த 2 மணி நேரம் அவருக்குப் புது கேஸ் தராதீர்கள், டீ வாங்கிக்கொடுங்கள், கேஸ் ஷீட்டை ஒருவர் கூட இருந்து எழுத உதவுங்கள், வீட்டுக்குத் தனியாக அனுப்பாதீர்கள். பேச வந்தால் கேளுங்கள். 2 வாரம் கழித்து ஒருமுறை, 'தூக்கம் எப்படி' என்று விசாரியுங்கள். தப்பு நடந்திருந்தால் இது இன்னும் முக்கியம். தப்பு செய்த மருத்துவரையும் இரண்டாவது பாதிக்கப்பட்டவர் என்று 2000இல் ஆல்பர்ட் வூ எழுதினார். அந்தச் சொல் நோயாளி குடும்பத்துக்கு நியாயமா என்ற சண்டை வேறு இருக்கிறது, இங்கே வேண்டாம்.

வார்டு12சிஸ்டர் | 02.04.2025, மாலை 6.50

எங்களுக்கு நேற்று 'மன அழுத்த மேலாண்மை' வகுப்பு. பிற்பகல் 2 மணிக்கு. நைட் முடித்தவர்களும் வர வேண்டும், அட்டெண்டன்ஸ் உண்டு. தூக்கத்தின் அவசியம் என்று ஸ்லைடு ஓடும்போது முன் வரிசையே தூங்கியது.

டூட்டிசார்ட் | 02.04.2025, இரவு 10.30

இதுதான் நான் சுற்றிச் சுற்றி வருவது. ஆளைத் திருத்துவதற்கு முன் டூட்டி சார்ட்டைத் திருத்துங்கள். மருத்துவர்களின் பர்ன்-அவுட் பற்றிய 2017 தொகுப்பாய்வில், தனிநபர் பயிற்சியைவிட வேலை அமைப்பை மாற்றியது அதிகம் உதவியது.

4 பேர் இருந்தால்: பகல் 12 மணி, மறுநாள் இரவு 12 மணி, அடுத்த நாள் இரவு முடிந்த ஓய்வு, நான்காம் நாள் காலை 6 மணி நேரம் மட்டும். இப்படியே சுற்றினால் எந்நேரமும் ஒருவர், காலையில் இருவர். ஆளுக்கு வாரம் 52.5 மணி. சுற்று எப்போதும் பகலிலிருந்து இரவுக்குப் போக வேண்டும். உடம்புக் கடிகாரத்தைத் தள்ளிப்போடுவது எளிது, முன்னால் இழுப்பது கஷ்டம். இரண்டு ஷிஃப்ட்டுக்கு நடுவே 11 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. நைட் முடித்து வரும் காலையை 'ஆஃப்' என்று எழுதி வாராந்திர லீவில் கழிப்பது நம் ஊரின் பிரபலமான தில்லுமுல்லு.

சீஃபிடம் போகும்போது கையில் இருக்க வேண்டியது: ரெசிடென்ட்டுகளுக்கு (மேல்படிப்புப் பயிற்சி மருத்துவர்களுக்கு) வழக்கமாக நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் தொடர் பணி கூடாது, வாரம் 48 மணி என்ற 1992 மத்திய ரெசிடென்சி திட்டம், வாரம் 74 மணிக்கு மேல் கூடாது, ஒரு நாள் விடுப்பு என்ற 2024 தேசிய மருத்துவ ஆணையப் பணிக்குழுப் பரிந்துரை. 48க்கும் 74க்கும் நடுவில் இருக்கும் 26 மணி நேரத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

சிரப்புக்கடை | 03.04.2025, காலை 9.00

52.5 தப்பு. ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைக்க ஒவ்வொரு 12க்கும் அரை மணி கூடும். 4 நாளில் 31 மணி, வாரம் 54.25.

டூட்டிசார்ட் | 03.04.2025, காலை 9.40

சரி, 54.25. அந்த அரை மணியில் கை வைக்காதீர்கள், ஓய்வுக்காக வெட்டுவதானாலும். ஒப்படைக்கும்போது ஐந்து விஷயம்: யார் எவ்வளவு மோசம், சுருக்கம், செய்ய வேண்டியவை, 'இப்படி ஆனால் இதைச் செய்', கடைசியில் வாங்குபவர் திருப்பிச் சொல்வது. இந்த முறையை 9 மருத்துவமனைகளில் கொண்டுவந்தபோது தவறுகள் 23 சதவீதம் குறைந்தன, 2014. ஐந்தாவதைத்தான் எல்லாரும் விழுங்குகிறார்கள்.

இன்னொன்றும் என் வாதத்துக்கு எதிராகவே. 2004இல் பாஸ்டன் ஐ.சி.யூ.வில் 24 மணி ஷிஃப்ட்டை ஒழித்தது பெரிய வெற்றி. பழைய முறையில் கடும் தவறுகள் 36 சதவீதம் அதிகமாக இருந்தன. அதே குழு 2020இல் குழந்தைகள் ஐ.சி.யூ.க்களில் செய்து பார்த்தபோது குறுகிய ஷிஃப்ட்டில் தவறு கூடியது. அந்த ஷிஃப்ட்டில் ஒருவர் தலையில் விழுந்த நோயாளிகள் அதிகம். மணி நேரத்தை வெட்டி ஆளைச் சேர்க்காவிட்டால் இப்படித்தான். எனவே மேலே உள்ள சார்ட் 4 பேருக்கு. 3 பேரை வைத்துக்கொண்டு இதைக் காட்டிச் சண்டை போடாதீர்கள். முதலில் நான்காவது ஆளைக் கேளுங்கள்.

ஏழாம்மாசம் | 26.04.2025, மாலை 5.15

வேறு மருத்துவமனையில் பார்க்கிறேன், 4 வாரம் ஆகிறது. 4 மணிக்கு விழிப்பு இப்போது 5.30 ஆகியிருக்கிறது. அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். டி.எஸ்.எச். நார்மல், ஹீமோகுளோபின் 9.1, அதற்கும் மாத்திரை.

வார்டு12சிஸ்டர் | 26.04.2025, மாலை 5.40

இரும்பு மாத்திரையை காபியோடு போடாதே. ஒரு மணி நேரமாவது தள்ளி. எங்கள் வார்டில் புது சார்ட் ஒட்டியாச்சு, நான்காவது பெயர் மட்டும் இன்னும் பென்சிலில் இருக்கு.